மீனோடு வந்தவள்

காயலில் இறால் பண்ணைக் கழிவு கலப்பதை முறையிட வந்த மீனவப் பெண்கள் சங்கம், இந்தத் தடவையும் அமைச்சர் வீட்டு வாசலில் வெயிலில் நின்றது. "ஐயா வேலையா இருக்கார்" என்றார் காவலர். அவர் சொல்லும்போதே பண்ணை முதலாளிகளின் கார்கள் நிற்காமல் உள்ளே போயின.

சங்கத் தலைவி ரெஜினாள் விற்க வைத்திருந்த மீன்கூடையோடு பின்வாசலுக்குப் போனாள். சமையல்காரர் உடனே கதவைத் திறந்தார். இப்படி நுழைவது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சாப்பாட்டு மேசைவரை நடந்தாள். அங்கே அமைச்சர் முதலாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன்னை யாரும்மா உள்ளே விட்டது?" என்றார் அமைச்சர்.

"என்னை விடல ஐயா, மீனைத்தான் விட்டாங்க. நான் அதுகூடவே வந்தேன்."

முதலாளிகள் சிரித்தார்கள்.

"சங்கம்னா முறையா நேரம் கேட்டு வரணும்" என்றார் அமைச்சர், அவளை அடையாளம் கண்டு.

"கேட்டுக் கேட்டு வாசல்லயே நிக்கோம் ஐயா. காயல் செத்துட்டா, அடுத்த தடவை உள்ளே வர எங்க கையில மீனும் இருக்காது."

சிரிப்பு நின்றது. அமைச்சருக்குத் தட்டிலிருந்த மீனைத் தொடக் கை வரவில்லை. "எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றார்.

பெண்கள் வந்தபோது உட்கார நாற்காலி இல்லை. அமைச்சர் தலைகுனிந்தபடி எழுந்தார். அவர் எழுந்ததால் முதலாளிகளும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.