பாய் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை

நொச்சிவலசில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவு செய்யாததால் தலைமுறை தலைமுறையாக அது புத்தம்புதிதாகவே இருந்துவருகிறது. அந்த ஊரில் நாச்சிமுத்து, வேலப்பன், குப்பணன் என்று மூன்று சகோதரர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. மூவருக்கும் மனைவி கிடையாது.

இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. மூத்தவன் நாச்சிமுத்து பெண் பார்க்கப் புறப்படும்போதெல்லாம் வண்டி நடுவழியில் நின்றுவிடும். போய்ச் சேர்வதற்குள் ராகு காலம் தொடங்கிவிடும். பெண் வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்கள். மூத்தவனுக்கு ஆகாமல் இளையவர்களுக்கும் ஆகாது. இந்த நிலையில்தான் கரட்டுப்புதூர் காளியண்ணன், தம் மகள் மயிலாத்தாளைப் பார்க்க வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். “பத்தரைக்கு ராகு காலமுங்க. அதுக்கு மேல வர்றதா இருந்தா வரவே வேண்டாமுங்க” என்பதும் அதே ஆள் கொண்டுவந்த செய்தி.

சகோதரர்கள் வண்டியைத் தாராபுரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மெக்கானிக் ஜாபர் பாயின் முன்னால் நிறுத்தினார்கள். பாய் கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் இருந்த சின்னக் கிண்ணத்தில் பெட்ரோலைவிட மண் அதிகமாக இருந்தது.

“இதுக்குள்ள தூசி போனா வண்டிக்கு மூச்சு முட்டும். தூசி போகாமப் பாத்துக்கங்க. வண்டியை நிறுத்தினா பெட்ரோல் டேப்பை மூடுங்க. வேற எதையும் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூவரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“தூசி எங்கிருந்துடா வருது?” என்றான் நாச்சிமுத்து.

“ரோட்டுல இருந்துங்கண்ணா” என்றான் வேலப்பன்.

“அப்ப ரோட்டை நனைச்சுப்போட்டாத் தூசி ஏது?” என்றான் குப்பணன்.

அண்ணன்மார் இருவரும் அவனைப் பெருமிதத்தோடு பார்த்தார்கள். ஆகவே, குப்பணன் குடத்தோடு முன்னால் நடந்து மண் ரோட்டில் தண்ணீர் தெளித்தான். நனைந்த இடத்தில் மட்டும் வண்டி பின்னால் ஊர்ந்தது. குடம் காலியானால், அவன் அடிபம்புக்கு ஓடித் திரும்பும்வரை வண்டி உறுமிக்கொண்டே காத்திருந்தது. நடந்தே போனால் இதைவிடச் சீக்கிரம் போகலாம் என்பது வண்டியில் இருந்த இருவருக்கும் தோன்றவில்லை. நடந்துகொண்டிருந்தவனுக்கும் தோன்றவில்லை.

தார் ரோடு வந்ததும் குடத்தைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு மூவரும் ஏறிக்கொண்டார்கள். சற்று தூரத்தில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு, தனக்கே பட்டா இருப்பதுபோல நின்றது. நாச்சிமுத்து வண்டியை நிறுத்தினான். வேலப்பன் குனிந்து, பக்தியோடு டேப்பை மூடினான். ஆடுகள் விலகின. உதைத்ததும் வண்டி கிளம்பியது. கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோலில் அடுத்த வளைவுவரை ஓடி நின்றுவிட்டது.

“மூடுன டேப்பைத் திறக்கணுமோ?” என்றான் குப்பணன்.

“பாய் மூடச் சொன்னாரு. திறக்கச் சொன்னாரா?” என்றான் வேலப்பன்.

“சொல்லலை.”

“சொல்லாததைச் செய்யறதுக்கு நாம என்ன மெக்கானிக்கா?”

மூவரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். கடந்து சென்ற டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, “ஏனப்பா, வண்டிக்கு நடை பழக்கறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, பொண்ணு பாக்கப் போறமுங்க” என்றான் வேலப்பன் பணிவாக.

“வண்டிக்கா?”

மணி பத்தைத் தாண்டியது. நாச்சிமுத்துவின் சலவை வேட்டியில் செயின் கிரீஸ் கோலம் போட்டிருந்தது. “இந்தப் பொண்ணும் போச்சுன்னா அவ்வளவுதான்டா. மூணு பேரும் கடைசிவரைக்கும் மாறி மாறிச் சோறாக்க வேண்டியதுதான்” என்றபடி பாய்க்குப் போன் போட்டான்.

நடந்ததைக் கேட்டதும் பாய் போனிலேயே கத்தினார். சாலையோரத்து மைனாக்கள் பறந்தன. “டேப்பைத் திறங்கடா! திறந்து கிளம்புங்க! இனி நான் சொல்ற வரைக்கும் வண்டியை நிறுத்தவே கூடாது! பொண்ணு வீட்டுக்குப் போனதும்…”

அத்தோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

பத்தரைக்குச் சற்று முன்பாகவே கரட்டுப்புதூர் வந்துவிட்டது. தோட்டத்து நடுவில் தனி வீடு. காளியண்ணன் வாசலில் கைகூப்பி நின்றார்.

“வாங்க, வாங்க!”

“வந்துட்டமுங்க மாமா!” என்றபடி மூவரும் அவரைக் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வாசலுக்கு வந்தார்கள்.

“இறங்குங்க மாப்பிள்ளை!”

“பாய் இன்னும் நிறுத்தச் சொல்லலீங்க!”

அவர் அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் கொல்லைப்புறம் போய்விட்டார்கள். ஆகவே, பெண் பார்க்கும் படலம் சுற்றுக் கணக்கில் நடந்தது. “மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?” என்று ஒரு சுற்றில் கேட்டால், “தறி ஓட்டறேனுங்க!” என்ற பதில் அடுத்த சுற்றில் வந்தது. மயிலாத்தாள் தட்டோடு வாசற்படியில் நின்றாள். ஒரு சுற்றில் நாச்சிமுத்து அவளைப் பார்த்தான். மறு சுற்றில் அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். குப்பணன் போகிற போக்கில் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு போய், “உப்புக் கம்மிங்க!” என்று திரும்பிவந்து சொன்னான்.

காளியண்ணனின் கண்கள் கலங்கின. “கோயிலைச் சுத்தற மாதிரியல்ல நம்ம வீட்டைச் சுத்தறாங்க!” என்றார் மனைவியிடம். “இப்படி மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளை இனி எங்க கிடைப்பாரு? என்ன கண்ணு சொல்றே?”

மயிலாத்தாள் தலைகுனிந்தாள். “எனக்குச் சம்மதம்னு அவரு அடுத்த சுத்துல வர்றப்பச் சொல்லிப்போடுங்கப்பா.”

பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் வண்டி தானாக நின்றது. வேலப்பன் இறங்கி முதல் வேலையாக டேப்பை மூடினான்.

கல்யாணம் இன்று காலையில் நடந்தது. தாலி கட்டியானதும், சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர், “பொண்ணு கையைப் பிடிச்சுட்டு மணவறையைச் சுத்தி வாங்க மாப்பிள்ளை” என்றார். நாச்சிமுத்து புறப்பட்டான். மூன்று சுற்று ஆனதும் அருமைக்காரர், “போதும், உக்காருங்க” என்றார்.

“அதை நீங்க சொன்னா ஆச்சுங்களா?” என்றான் நாச்சிமுத்து, நடந்தபடியே.

“பாய் வந்து சொல்லட்டுமுங்க” என்றாள் மயிலாத்தாள், பின்னாலேயே.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்; வேலப்பன் சுற்றுக்கு ஒரு வாய் மோர் கொடுக்கிறான். பாயை அழைத்துவரக் குப்பணன் வண்டியில் போயிருக்கிறான். சீக்கிரம் வந்துவிடுவான் என்கிறார்கள். மண் ரோடு, தனி ஆள். கொஞ்ச தூரம் நடந்து தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பி வந்து, நனைத்த தூரம்வரை வண்டியை ஓட்டி, நிறுத்தி, டேப்பை மூடிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடக்கிறான்.