பூக்குறியும் எறும்பும்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அதற்கு வாய் கிடையாது. ஆனால் அது சொல்லிவிட்டால் அரசனும் மறுபேச்சுப் பேச மாட்டான். அது என்ன?

செங்கோல் என்பீர்கள். இல்லை. காரியாற்று நாட்டில் அது, இலைக்குள் மடித்து வைத்த ஒரு பூ.

அந்த நாட்டில் அரச குடும்பத்துக் கல்யாணத்தைத் தேவிதான் முடிவு செய்வாள். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி, இரவு முழுக்கத் தேவியின் காலடியில் வைப்பார்கள். காலையில் சபை கூடும். ஒரு சின்னக் குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். அதுதான் தேவியின் வாக்கு. குழந்தை இரண்டையும் தொடாமல் விட்டால், மணப்பெண் சபையில் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அன்று இளவரசி தேமொழிக்குப் பூக்குறி. அவள் மனம் குதிரைப்படைத் தலைவன் எயினனிடம் இருந்தது. அமைச்சர் வில்லவராயருக்கோ வடகரை இளவரசனின் உறவு வேண்டும். வடகரைப் படை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருந்தது. அரசர் இரண்டு பக்கமும் இழுபட்டு, கடைசியில் தேவியிடம் விட்டுவிட்டார். சிவப்பு வந்தால் வடகரை. வெள்ளை வந்தால் எயினன்.

தேமொழிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கோயிலுக்குப் போனாள். சந்நிதியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

தேவியின் காலடியில் எறும்புகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு பொட்டலத்தை நோக்கி.

பிரித்துப் பார்த்தாள். சிவப்புப் பூ. அதன் அடியில், நெய்யில் புரட்டிய ஒரு வெல்லக்கட்டி. வாசனை தூக்கியது. எந்தக் குழந்தையும் அதைத்தான் எடுக்கும்.

வெல்லத்தை எடுத்து வெள்ளைப் பூவோடு வைத்தாள். இரண்டையும் முன்போலவே கட்டினாள். திரும்பினால், வாசலில் அவளுடைய குரு சாத்தனடிகள் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"முடிச்சு சரியில்லை அம்மா. பழைய முடிச்சு இடப்பக்கம் இருந்தது" என்றார்.

"சுவாமி, முதலில் செய்தது அமைச்சர்!"

"நான் முடிச்சைத்தானே சொன்னேன்."

"நான் செய்தது தப்பா?"

அடிகள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் குந்தினார். அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எறும்புகள் கொஞ்ச நேரம் சிவப்புப் பொட்டலத்தைச் சுற்றித் தடுமாறின. பிறகு ஒன்று திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. மெல்ல வரிசை முழுவதும் வெள்ளைப் பொட்டலத்தின் பக்கம் வளைந்தது.

"சற்று முன்பு இவை வில்லவராயர் கட்சி" என்றார் அடிகள். "இப்போது உன் கட்சி."

தேமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்தாள், நடந்தாள், திரும்பி வந்தாள்.

"தேவி சொன்னால் வடகரையாருக்குக் கோபம் வராது, சுவாமி. அவர்களும் அவளைக் கும்பிடுகிறவர்கள். நான் சொன்னால் படை ஆற்றைத் தாண்டும். அப்பா முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்?"

"எயினனுக்கு இந்த வெல்லம் தெரியுமா?"

"தெரியாது. தேவி கைவிட மாட்டாள் என்று நேற்றிலிருந்து பட்டினி கிடக்கிறார்."

"நல்ல பையன். கல்யாணம் ஆகிவிட்டால், ஒவ்வொரு நாளும் உன் பக்கத்தில் நின்று தேவிக்கு நன்றி சொல்வான்." அடிகள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். "அப்போது நீ எங்கே பார்ப்பாய்?"

தேமொழி வெள்ளைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். வெளியே முரசு ஒலித்தது.

சபை நிறைந்திருந்தது. எயினன் தூணோரம் கைகூப்பி நின்றான். வடகரைத் தூதர் முன்வரிசையில் இருந்தார். தட்டை ஏந்தி வந்தது மணப்பெண்தான், அதுதான் வழக்கம். அவள் தட்டை அரசர் முன் இறக்கினாள். இரண்டு பொட்டலம். நடுவே, எல்லோருக்கும் தெரியும்படி, ஒரு வெல்லக்கட்டி.

வில்லவராயர் எழுந்துவிட்டார். "இது என்ன கூத்து? தட்டில் மூன்றாவதாக எதையும் வைக்கும் வழக்கம் இல்லை!"

"பொட்டலத்துக்குள் வைக்கும் வழக்கம் உண்டா, அமைச்சரே?" என்றாள் தேமொழி.

அவர் உட்கார்ந்தார். அரசர் அவரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"குழந்தை இதை எடுத்தால், சபையில் நீ வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும். தெரியுமா?"

"தெரியும், அப்பா."

அரசர் கையசைத்தார். ஒரு வண்ணாரப் பெண்ணின் மூன்று வயது மகள், பாவாடையைப் பிடித்துக்கொண்டு தட்டருகே வந்தாள். சிவப்புப் பொட்டலத்தைப் பார்த்தாள். வெள்ளையைப் பார்த்தாள், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

அவள் வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.