மழை இல்லை காற்று இல்லை வெயில்

நண்டுத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. கடற்கரை ரொம்ப நீளம், ராஜ்ஜியம் ரொம்பக் குறுகல். அரண்மனை மாடியில் நின்று ராஜா தும்மினால் பக்கத்து நாட்டுக்காரன் "நூறு ஆயுசு" என்று வாழ்த்துவான். ராஜா பெயர் சேந்தன். நல்ல மனிதர்தான். ஓலையில் எழுதியிருந்தால் எதையும் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை.

அவருக்கு வானிலை சொல்ல ஒரு அரண்மனை ஜோசியர் இருந்தார். திருமேனிநாதர் என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும், அடுத்த ஏழு நாள் கடற்கரையில் என்ன நடக்கும் என்று ஓலை எழுதித் தருவார். மீனவர்கள் அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போக வேண்டும். அரச கட்டளை. ஜோசியர் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். உப்புக்காற்று அவர் உடம்புக்கு ஆகாதாம்.

ஒரு புதன்கிழமை, படகுத் தலைவன் நல்லமாடன் சபைக்கு வந்து நின்றான். வேட்டி இன்னும் காயவில்லை.

"மகாராசா, இன்னைக்கு ஓலையில 'மழை இல்லை காற்று இல்லை வெயில்'னு போட்டிருந்துச்சு. நம்பிப் போனோம். அடிச்ச காத்துல மூணு படகு உடைஞ்சு போச்சு. ஆளுக நீந்திக் கரையேறுனது கடலம்மா புண்ணியம்."

ராஜா ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் பதறவே இல்லை.

"சரியாகத்தானே எழுதியிருக்கிறேன் மகாராஜா. மழை. இல்லை, காற்று. இல்லை, வெயில். மூன்றில் ஒன்று வரும் என்று பொருள். காற்று வந்தது. இவனுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

ஓலையில் கால்புள்ளி ஏது, முற்றுப்புள்ளி ஏது? ராஜா அதை வாங்கி இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. "அடடா, என்ன நுட்பம்" என்று ஜோசியருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். அரச ஓலையைத் தப்பாகப் படித்ததற்காக நல்லமாடனுக்கு ஒரு எச்சரிக்கை. படகை இழந்தவனுக்கு எச்சரிக்கை! இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அதோடு விட்டாரா?

"நாளை மறுநாள் என் பிறந்தநாள் விருந்து. வஞ்சிர மீன் வேண்டும். நாளைக் காலையில் மிச்சமிருக்கும் நாற்பது படகும் கடலில் இருக்க வேண்டும். நாளைக்கு என்ன எழுதியிருக்கிறீர், ஜோசியரே?"

"'வெயில் இல்லை மழை இல்லை காற்று', மகாராஜா."

மூன்று சொற்களை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு வாரம் ஓடிவிடும். ஜோசியருக்கு அந்த வித்தை கைவந்திருந்தது.

"நல்லது" என்றார் ராஜா, எது நல்லது என்று தெரியாமலே. போகாவிட்டால் நல்லமாடன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்று ஆகிவிட்டது நல்லமாடன் பாடு. "காத்து வாடைக்குத் திரும்பியிருக்கு மகாராசா, கடல் கொந்தளிக்கும். நாப்பது படகுல நூத்தி அறுபது உசுரு" என்றான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அப்போது வெண்காடன் எழுந்தான். ராஜாவுக்குக் குறுக்கே பேசியே சம்பளம் வாங்கும் ஒரே சபைக்காரன் அவன்தான்.

"மகாராஜா, ஓலையைச் சந்தேகப்படுவது தப்பு. ஆனால் அதைப் படிக்க எழுதியவர் ஒருவருக்குத்தான் தெரிகிறது. நடுக்கடலில் காற்று அடித்தால், ஓலையில் இருக்கும் 'இல்லை' எந்த 'இல்லை' என்று இவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? அரண்மனைக்கு ஓடி வரலாம் என்றால் வழியெல்லாம் தண்ணீர். அதனால் நாளைக்கு முதல் படகில் ஜோசியரே ஏறட்டும். கூடவே உட்கார்ந்து படித்துச் சொல்லட்டும்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. உடனே கட்டளை பிறந்தது. ஜோசியருக்கு மட்டும் அந்தச் சபையில் திடீரென்று வேர்த்தது.

மறுநாள் காலையில் ராஜாவும் சபையும் கரைக்கு வந்தார்கள். ஜோசியர் ஒரு காலைப் படகில் வைத்தார். மற்றக் கால் மணலைவிட்டு வர மாட்டேன் என்றது.

"நல்லமாடா, அங்கே கறுப்பாக என்ன அது?"

"மேகந்தான், சாமி."

"அலை எப்போதுமே இந்த உயரமா?"

"எங்க சாமி, இன்னைக்குத்தான். இன்னும் ரெண்டு நாழிகையில பாருங்க. படகு மிதந்தாலும் மிதக்கும். நம்மளைச் சொல்ல முடியாது."

படகில் இருந்த காலும் கரைக்கு வந்துவிட்டது.

"ஏன் இறங்கிவிட்டீர்?" என்றார் ராஜா.

"மகாராஜா, இன்று புயல் வரும். ஒரு படகும் போகக் கூடாது."

"மழை, காற்று, வெயில் என்று ஏதோ சொன்னீரே?"

"புயல் மகாராஜா. புயல் மட்டும்தான். எப்படிப் படித்தாலும் புயல்."

உச்சிப்பொழுதுக்குள் புயல் வந்தே விட்டது. தென்னை மரங்கள் சாய்ந்தன. நாற்பது படகும் மணலில் பத்திரமாக இருந்தன. நல்லமாடன் மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

வெள்ளிக்கிழமை பிறந்தநாள் விருந்தில் மீன் இல்லாமல், ராஜா கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டே வெண்காடனைக் கேட்டார்.

"ஒன்று புரியவில்லையப்பா. இத்தனை வருஷம் குழப்பிக் குழப்பி எழுதியவர், நேற்று மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாகச் சொன்னார்?"

"இத்தனை வருஷமும் ஊரார் உயிருக்கு வானிலை பார்த்தார் மகாராஜா. நேற்றுத்தான் தன் உயிருக்குப் பார்த்தார்."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து மூச்சு வந்ததும், நல்லமாடனுக்கு மூன்று புதுப் படகும், ஜோசியருக்கு முதல் படகில் நிரந்தர இடமும் கொடுக்கச் சொன்னார்.