நூறு வருஷத்து மழையில் நனைந்த மாடக்கண்ணு

மாடக்கண்ணு வாயைத் திறந்தால் புளுகுதான் என்பது செங்கோட்டையில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவர் புளுகியது ஒரு நல்ல காரியத்துக்காக.

கல்லூரியில் தாவரவியல் துறை உதவியாளர் அவர். அந்தக் கோடை முழுக்க ஜெயசெல்வி மேடத்தோடு மலையில் சுற்றினார். துளை போடும் துரப்பணத்தைத் திருகி, மரத்திலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவி, அதிலுள்ள வளையங்களை எண்ணுவது மேடத்தின் ஆராய்ச்சி. வருஷத்துக்கு ஒரு வளையம். மழை பெய்த வருஷம் தடிப்பு, காய்ந்த வருஷம் மெல்லிசு. மாடக்கண்ணுவின் பங்கு, டிபன் கேரியர் தூக்குவது.

காற்றில் விழுந்த கிழட்டுத் தேக்கு ஒன்று மரமில்லுக்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்ததும் மேடம் போன் போட்டார். "தென்காசியில முதலாளியப் பாத்து எழுதி வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் வாள் படாமப் பாத்துக்கங்க. இவ்வளவு பழைய மரம் இனிமே கிடைக்காது."

மில்லில் நயினார் மேஸ்திரி மசியவில்லை. "முதலாளி சொல்லாம ஒரு சிராய்கூடத் தரமாட்டேன் ஓய். இன்னைக்குள்ள பலகையாக்கணும்."

பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கடத்துவதுதான் வழி என்று மாடக்கண்ணு முடிவு செய்தார். ஓடிப்போய் மரத்தின் மேல் உட்கார்ந்தார். துண்டை நனைத்து வெட்டுமுகத்தைத் துடைத்தார். வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"இந்தா, இந்த மெல்லிசு வளையம், மழை பொய்ச்ச வருசம். பக்கத்துல வடு இருக்கு பாருங்க, கரடி முதுகு சொறிஞ்சது. இடது பக்க முதுகு."

மரத்தூள் அள்ளும் ஆவுடையம்மாள் சாக்கைக் கீழே வைத்தாள். "இடது பக்கம்னு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"வலது பக்கம் அதுக்கே கை எட்டும்லா."

மேஸ்திரி எழுந்து உள்ளே போனார். போச்சு என்று நினைத்தார் மாடக்கண்ணு. குரலை உயர்த்தினார்.

"மலையில இதைவிடக் கூத்து. ஒரு மரத்துல நூறாவது வளையம் வரைக்கும் துளைச்சிட்டேன். அது பேய்மழை வருசம் போல. ஓட்டை வழியா சோன்னு அடிக்கி மழை. நூறு வருசத்துக்கு முந்தின மழை. தொப்பலா நனைஞ்சு, ராத்திரியே குளிர்காய்ச்சல். டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, 'இது நம்ம காலத்துக் காய்ச்சல் இல்லையே, இதுக்குண்டான மாத்திரையெல்லாம் எப்பவோ காலாவதி ஆயிட்டு'ங்காரு."

மேஸ்திரி திரும்பி வந்து உட்கார்ந்தார். "பெறவு எப்படிப் பிழைச்சீரு?"

"காய்ச்சலுக்கு வயசாயிட்டுல்லா. அதுவா மண்டையப் போட்டுட்டு."

ஆவுடையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடத்தின் பஸ் இன்னும் வரவில்லை. கைவசம் மிச்சமிருந்த சரக்கு ஒன்றுதான். அதில் மானம் போகும். போகட்டும் என்று எடுத்துவிட்டார்.

"ஒருநாள் சாப்பிட்டுட்டு மரத்தடியில மல்லாக்கப் படுத்துட்டேன். மேடம் கண்ணாடி போடல. அடிமரம் நல்லாப் பெருத்திருக்கேன்னு என் வயித்துல துரப்பணத்த வச்சுத் திருகிட்டாக."

"வலிக்கலையா அண்ணாச்சி?"

"கிச்சுகிச்சு மூட்டுனாப்புல இருந்துச்சு. குச்சியை உருவிப் பாத்தா அம்பத்திரண்டு வளையம், என் வயசுக்குச் சரியா. கல்யாண வீட்டுச் சாப்பாடெல்லாம் தடிதடியா நிக்கி. நடுவுல மூணு மட்டும் நூல் மாதிரி. 'இங்க என்ன பஞ்சமா மாடக்கண்ணு'ன்னு மேடம் கேக்காக. 'இல்ல மேடம். என் புளுகு தாங்காம வீட்டுக்காரி பொறந்த வீட்டுக்குப் போன வருசங்க. நானே பொங்கித் தின்னேன்'னேன்."

"ஓட்டை எங்க ஓய்?"

மாடக்கண்ணு சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினார்.

மேஸ்திரி குனிந்து நிதானமாகப் பார்த்தார். "இது எனக்கும் இருக்கே. உங்க மேடம் எங்க வீட்டுக்கு எப்ப வந்தாக?"

"எனக்கும் நினைவில்லையே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஜெயசெல்வி மேடம் கடிதத்தோடு நின்றார். மாடக்கண்ணு சட்டையைக் கீழே இறக்கினார்.

மேஸ்திரி கடிதத்தைப் படித்து மடித்துப் பையில் வைத்தார். "ஒரு வட்டத் துண்டுதானே, அறுத்துத் தாரேம்மா."

"ரொம்ப நன்றிங்க. நான் வர்றதுக்குள்ள அறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேன். இவர்தான் பேச்சுக் கொடுத்தே நிறுத்தி வச்சிருக்கார் போல."

மாடக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இவரா?" என்றார் மேஸ்திரி. "காலையிலேருந்து கரண்டே இல்லம்மா. நாலு மணிக்குத்தான் வருமாம். இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு. நீங்க பாட்டுக்கு உக்காருங்க, அவரு சொல்லட்டும்."