மூடியிருந்த நாலு நிமிஷம்

அருமைநாயகம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வரவில்லை. செத்த கோழியைத் தூக்கி வருவதுபோல் வாரைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

பெரியதாழையில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் முனையில், அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களுக்கு நடுவே, பெனிட்டா ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வானம் மூட்டம் போட்டிருந்தது.

அவள்தான் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் குரு. வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தேழு. தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவர். ஒரு காலண்டரில் கடல் வெறும் புகைபோலக் கிடக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடல்ல சத்தமே இல்லையே, இதை எப்படி எடுத்தான்?" என்று கேட்டு அவளிடம் வந்து சேர்ந்தவர். ஆறு மாதம் ஆகிறது.

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். வந்ததும் அதுதான் முதல் பேச்சு.

"என்ன சீட்டு அண்ணாச்சி?"

"இந்தக் கேமரா ஓட்டைன்னு. கீழ கையெழுத்துப் போட்டு உங்க ஸ்டுடியோ சீலும் வைங்க."

"கடலுக்கு வரும்போது சீலையுமா தூக்கிட்டு வருவேன்?"

"அப்ப கையெழுத்து போதும்."

"கேமராவுக்கு என்ன?"

"ஹேங் ஆகித் தொங்கிட்டு."

அவர் அந்த வார்த்தையைத் துப்பினார். பிறகு நடந்ததைச் சொன்னார். கேமராவை விற்றவன் ஜெபசிங். அவர் மனைவி கிரேஸின் கூடப்பிறந்த தம்பி. கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறான், பழைய கேமராவும் வாங்கி விற்பான். வாங்கிய அன்று சாயங்காலமே துறைமுகப் பக்கம் போய், நாலு நிமிஷம் லென்ஸைத் திறந்து வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார். நாலு நிமிஷம் முடிந்தது. படம் வரவில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. பாட்டரியைப் பிடுங்கித் திரும்பப் போட்டார். படம் போயே போய்விட்டது. மறுபடி எடுத்தார். மறுபடி அதே கதை. மூன்று தடவை.

"நேரா அவன் கடைக்குப் போனேன். கல்யாண வீட்டுக்காரங்க ஆல்பம் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. இருக்கட்டும்னு விட்டனா? விடல. கள்ளப்பயலே, அக்கா வீட்டுக்காரனுக்கே செத்த சாமானைத் தள்ளுதியான்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அத்தான் ஒரு நிமிஷம் கேளுங்கன்னான். ஒரு நிமிஷமாலே, நாலு நிமிஷம் பாத்துட்டுல்லா வாரேன்னேன்."

பெனிட்டா கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள்.

"ஆல்பம் பார்க்க வந்தவங்க?"

"எந்திச்சுப் போயிட்டாங்க. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாங்களாம். அது அவன் பாடு." குரல் கொஞ்சம் இறங்கியது. "எட்டு நாளா கிரேஸ் தம்பி வீட்லதான் இருக்கா. என் தம்பி கள்ளன்னு நிரூபிச்சுட்டு வாங்க, இல்லன்னா வாயால சொன்னதை வாயால எடுத்துட்டு வாங்க, அதுவரைக்கும் நான் இங்கதான்னுட்டா. நான் ஓட்டல்ல திங்கேன் டீச்சர். முப்பது வருஷத்துல முதல் தடவையா ஓட்டல்ல திங்கேன். அந்த சாம்பாரைப் பத்தி நான் பேச விரும்பல. சீட்டை எழுதுங்க."

"இல்லாத வியாதிக்கு நான் எப்படிச் சீட்டு எழுத?"

"இல்லாத வியாதியா? அப்ப நான் வாரேன்."

அவர் திரும்பி நடந்தார். விலை படியாவிட்டால் நாலு எட்டு வைத்து நடப்பது, கூப்பிட்டதும் திரும்புவது, அதெல்லாம் கடை போட்ட நாளிலிருந்து அவர் காலுக்குப் பழக்கம். நாலு எட்டு வைத்தார். கூப்பிடும் குரல் வரவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அலைதான் வந்தது. கால் நனைந்தது. திரும்பி வந்தார்.

"ட்ரைபாடை விரிங்க" என்றாள்.

அவருடைய ட்ரைபாட் நாலரைக் கிலோ. கடைக்கு எடைக்கு வந்த சாமானில் பொறுக்கியது. அதைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை உண்டு. கால்களைக் கல்லிடுக்கில் ஊன்றினார். நடுத்தண்டை உயர்த்தப் போனார்.

"அதை உயர்த்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? காத்துல ஆடும். பையை அடியில தொங்கவிடுங்க."

"நாலரைக் கிலோ இரும்பு எப்படி ஆடும்?"

"நீங்க எத்தனை கிலோ?"

"எண்பத்தாறு."

"நீங்களே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்க. பையைத் தொங்கவிடுங்க அண்ணாச்சி."

தொங்கவிட்டார். அவள் லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடியைத் திருகினாள். வெயில் கண்ணாடிபோல, ஆனால் அதைவிடப் பல மடங்கு கறுப்பு. அது இருந்தால்தான் பகலில் நாலு நிமிஷம் திறந்து வைத்தாலும் படம் வெளுத்துப் போகாது. பின்னால் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை வழியே வெளிச்சம் புகாமல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டினாள். கேமராவைத் தொடாமல் எடுக்க வயர் ரிமோட்டைச் செருகி, பொத்தானை அழுத்திப் பூட்டினாள்.

"நாலு நிமிஷம்" என்றாள்.

அருமைநாயகம் கல்லுக்குக் கல் தாவினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபசிங்கை அவனுடைய ஏழாவது வயதிலிருந்து திட்டிக்கொண்டு வந்தார். கல்யாண வயதை எட்டுவதற்குள் நாலு நிமிஷம் முடிந்தது. பெனிட்டா பூட்டை விடுவித்தாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! இதைத்தானே நான் சொன்னேன்!" அவர் கை கேமராவின் அடிப்பக்கத்துக்குப் போயிற்று. பாட்டரி மூடியில் நகம் பட்டது.

"ஒரு கை குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

அவள் பிளாஸ்கைத் திறந்தாள். காகிதக் கப்பில் கருப்பட்டிக் காப்பியை விளிம்பு வரைக்கும் ஊற்றி அவர் வலது கையில் கொடுத்தாள். இன்னொரு கப்பை ஊற்றி இடது கையில் கொடுத்தாள்.

"எனக்கு ரெண்டா?"

"ஒண்ணுகூட உங்களுக்கு இல்ல. பிடிச்சுட்டு நில்லுங்க. சிந்தக் கூடாது."

"சுடுது."

"சுடும்."

"எவ்வளவு நேரம்?"

"கேமரா திறந்திருந்த அளவு."

அவர் நின்றார். நகர்ந்தால் சிந்தும். திட்டினால் கை ஆடிச் சிந்தும். அப்படியும் ஒருமுறை "கள்ளப்..." என்று ஆரம்பித்தார். காப்பி கட்டைவிரலில் வழிந்தது. வாயை மூடிக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு அலை வந்து கல்லிடுக்கில் புகுந்து வெளியே போனது. அடுத்தது வந்தது. அவர் அதைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்க அவருக்கு வழியில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் படம் வந்தது.

அருமைநாயகம் இரண்டு கப்பையும் கல்மேல் வைக்க மறந்து குனிந்தார். அலையே இல்லை. கற்களைச் சுற்றிப் பால்புகை படர்ந்து கிடந்தது. காலண்டரில் பார்த்த அதே கடல். சத்தமில்லாத கடல்.

மூக்கு திரையில் முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

பிறகு, "சரி, எடுத்தது நாலு நிமிஷம். அதுக்கப்புறம் நாலு நிமிஷம் அது என்ன செஞ்சுது? தூங்குச்சா?" என்றார்.

பெனிட்டா பெருமூச்சு விட்டாள். "நான் எடுத்த மூணாவது கிளாஸ்லயே இதைச் சொன்னேன்."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டதான். நீங்க போன்ல செம்பு விலை பேசிட்டிருந்தீங்க. இப்பவும் சொன்னா பேரம்தான் பேசுவீங்க. நான் சொல்லப் போறதில்ல."

அவள் அவர் கேமராவில் ஏதோ ஒரு அமைப்பை அணைத்தாள். லென்ஸை அதன் மூடியால் மூடினாள். தன் பையிலிருந்து தன்னுடைய கேமராவையும் எடுத்து, அதிலும் அதையே அணைத்து மூடி, பக்கத்துக் கல்லில் வைத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள்.

"மூடியை எடுக்கலையே டீச்சர்."

"தெரியும்."

"மூடி வச்சு எடுத்தா கறுப்புதானே வரும்? இதுக்கு ஒரு நாலு நிமிஷமா?"

"காப்பியைக் குடிங்க. இப்ப அது உங்களுக்குத்தான்."

குடித்தார். ஆறியிருந்தது. இரண்டையும் குடித்தார்.

நாலு நிமிஷம் முடிந்தது. அவள் அவர் கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்புதான். ஆனால் அந்தக் கறுப்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளி. நீலப் புள்ளி. மிளகாய்ப்பொடி தூவியதுபோல.

அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப ஓட்டைதான்! இதைத்தானே தேடிட்டு இருந்தேன்! மூடி போட்ட கேமராவுக்குள்ள சிவப்பு எங்கேருந்து வந்துது? சீட்டை எழுதுங்க!"

அவள் தன் கேமராவை எடுத்து அவர் முன் நீட்டினாள். அதிலும் புள்ளிகள். வேறு இடத்தில்.

"இது உங்க புதுக் கேமராவா?"

"போன மாசம் வாங்கினது."

"இதுவுமா ஓட்டை?"

"எல்லாத்துலயும் இருக்கும். ரொம்ப நேரம் திறந்து வச்சா உள்ள சூடாகும். சூடானா இல்லாத புள்ளியெல்லாம் விழும்."

"அப்ப முதல்ல எடுத்த கடல்ல ஏன் இல்ல?"

"அதுலயும் விழுந்துது. கடலோட சேர்ந்து விழுந்தா எது கடல், எது புள்ளின்னு கேமராவுக்குத் தெரியாது. அதான் எடுத்து முடிச்சதும் கண்ணை மூடிட்டு இன்னொண்ணு எடுக்கும். அதுல விழறது எல்லாம் தன்னோடது. அதை முதல் படத்துல இருந்து கழிச்சிடும். அந்த வேலை முடியறதுக்குள்ளதான் நீங்க பாட்டரியைப் பிடுங்கினீங்க. மூணு தடவை."

அருமைநாயகம் மூன்று விரலை மடக்கி எண்ணினார். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"நாலு நிமிஷம் எடுத்ததுக்கு நாலு நிமிஷமும் மூடணுமா? ரெண்டுக்கு முடிக்கக் கூடாதா?"

"இதைத்தான் சொன்னேன், பேரம் பேசுவீங்கன்னு."

"சும்மா கேட்டேன்."

"எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சோ அவ்வளவு நேரம் மூடணும். குறைச்சா புள்ளி போகாது." அவள் அணைத்த அமைப்பை மறுபடி போட்டாள். "புதுசா வாங்கும்போது இந்தக் கழிக்கிற வேலை அணைஞ்சுதான் இருக்கும் அண்ணாச்சி. தேடிப் போய்ப் போட்டுவிடணும். இதுல ஏற்கெனவே போட்டிருந்துது."

"யார் போட்டா?"

பெனிட்டா லென்ஸ் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அருமைநாயகம் கல்லில் உட்கார்ந்தார். விலை பேசிய அன்று ஜெபசிங் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, 'அத்தான், நீங்க நேரம் கூட வச்சு எடுப்பீங்கள்லா, அதுக்காக ஒண்ணு செஞ்சிருக்கேன்' என்று ஆரம்பித்தது ஞாபகம் வந்தது. 'பேச்சை மாத்தாதலே, விலையைச் சொல்லு' என்று அவர் அதட்டியதும் ஞாபகம் வந்தது. கடைசி விலைக்கும் கீழே அடித்து வாங்கிய சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம்.

மூட்டம் கலைந்து வெயில் வந்தது. பெனிட்டா கறுப்புக் கண்ணாடியைத் திருகி எடுத்துத் துணியால் துடைத்தாள்.

"சரி டீச்சர். நான் ஒத்துக்கிடுதேன். மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"இன்னும் என்ன சீட்டு?"

"கேமரா நல்லதுதான்னு. ஜெபசிங் கள்ளன் இல்லன்னு. அதைக் கொண்டுபோய் கிரேஸ்கிட்டக் காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துருதேன். நான் வாயால சொன்னா நல்லாருக்காது."

"கள்ளன்னு சொல்லப் போனப்ப யார்கிட்ட சீட்டு வாங்கிட்டுப் போனீங்க?"

அவர் கடலைப் பார்த்தார். கடலில் இப்போது நிறைய சத்தம் இருந்தது.

"பின்ன அங்க போய் என்னத்தச் சொல்ல?" என்றார். முதல்முறையாக அதைக் கேள்வியாகவே கேட்டார்.

பெனிட்டா அவருடைய கேமராவை ட்ரைபாடிலிருந்து கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"அன்னைக்கு அவர் கடையில எவ்வளவு நேரம் சத்தம் போட்டீங்க?"

"அது இருக்கும், முக்கால் மணி நேரம்."

"அப்ப முக்கால் மணி நேரம் அதே கடையில, அதே நாற்காலியில, வாயை மூடிட்டு உக்காருங்க. ஆள் வந்து போற நேரமாப் பாத்துப் போங்க. அதுக்கப்புறம் என்ன சொல்லணும்னு உங்களுக்கே வரும்."

"முக்கால் மணி நேரம் வாயை மூடிட்டா? கடைக்கு வர்றவன் என்ன நினைப்பான்? நான் யாரு, என் வயசு என்ன!" கேமராவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய கணக்கு ஓடியது. குரலைத் தாழ்த்தி, சிநேகமாகச் சிரித்து, பக்கத்தில் சாய்ந்தார். "ஒரு அரை மணி நேரம்னு வச்சுக்கிடலாமா டீச்சர்?"

பெனிட்டா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கேமராமேல் இருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"பாட்டரி மூடியில இருந்து விரலை எடுங்க அண்ணாச்சி" என்றாள்.