செங்கமலத்துக்குப் போட்ட சைபர்

ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்களுக்கு டாக்டர்களே மார்க் போட்டுக்கொள்வார்கள். மார்க் குறைந்தால் வேலை போய்விடும்.

பெரிய டாக்டர் குலோத்துங்கன், புதிதாக வந்த டாக்டர் செங்கமலத்துக்குச் சைபர் போட்டார். பின்னே, கூட்டமெல்லாம் அவள் அறை வாசலில் அல்லவா நிற்கிறது! மற்றவர்களும் அதையே போடட்டும் என்று, டோக்கன் கூப்பிடும் ஆயா பவுனம்மாவைச் சாட்சிக்கு அழைத்தார்.

"புத்தி கெட்டவங்கதான் அந்தப் பொண்ணுகிட்டப் போவாங்க. ஆமான்னு சொல்லு. இல்லேன்னா உனக்கும் வேலை இல்லை."

பவுனம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐயா சொன்னா சரிதாங்க. அப்போ வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களை என்ன செய்யட்டும்?"

"நான் சொன்னதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பு."

அவள் கதவை அகலத் திறந்து குரல் கொடுத்தாள். "செங்கமலம் டாக்டருக்குக் காத்திருக்கிற புத்தி கெட்டவங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணுமாம். பெரிய டாக்டர் உத்தரவு."

முதல் பெஞ்சில் முக்காடு போட்டிருந்த அம்மா விருட்டென்று எழுந்து உள்ளே வந்தார். முக்காட்டை விலக்கினால், பெரிய டாக்டரின் சம்சாரம். பவுனம்மாவுக்குத் தெரியாத முக்காடா?

"உங்க மாத்திரையை மாசக்கணக்கா முழுங்கியும் இருமல் நிக்கலை. அந்தப் பொண்ணு மருந்துல நின்னுச்சு. இப்போ யாருக்குப் புத்தி கெட்டிருக்கு?"

"என்னைக் கோவிச்சுக்காதீங்கம்மா," என்றாள் பவுனம்மா. "மார்க் போட்டது ஐயா. நான் வாசிச்சதோட சரி."

பெரிய டாக்டர் அந்தச் சைபருக்கு முன்னால் ஒரு ஒன்றும் பின்னால் இன்னொரு சைபரும் தன் கையாலேயே எழுதினார். ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமே.