வெயிலில் வைத்த களி

"எலும்பெல்லாம் வலிக்குது அம்மா. உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை."

குகைக்குள் இருந்து மாசிலாமணி சொன்னார். அவர் சீடர். வெளியே நின்ற பூங்கோதை அவருடைய குரு. வயசில் அவரைவிடச் சின்னவர்.

அந்த மலையில் ரெண்டு பேர்தான்.

நடக்க முடியாதவர் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். கீழே மாசிலாமணிக்கு யாரும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

"கேழ்வரகுக் களி சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"முருங்கைக்கீரை?"

"வழிச்சுத் தின்னேன்."

"தயிர், எள்ளுருண்டை?"

"தட்டைப் பாருங்க. இதுக்கு மேல என்னதான் திங்கணும்?"

குரு தட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். இருட்டில் வளர்த்த முளைப்பாரி மாதிரி வெளுத்திருந்தார்.

"பகல்ல வெளியே வர்றதே இல்லையா?"

"நீங்கதான் வாசலுக்கே சாப்பாடு கொண்டாந்து வைக்கிறீங்களே. பொழுது சாய்ஞ்சாத்தான் குளிக்கப் போவேன். இருட்டுல இருக்கிறதுதானே தவம்."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவராக வைத்துக்கொண்டது.

குரு போய்விட்டார்.

மறுநாள் வாசலில் தட்டு இல்லை.

வெயில் ஏறியது. பசித்தது. மாசிலாமணி எட்டிப் பார்த்தார். எதிர்ப் பாறையில், துளி நிழல் இல்லாத இடத்தில், தட்டு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு அங்கே இருக்கே அம்மா."

"ஆமா."

"வெயில் கொளுத்துது."

"கொளுத்தட்டும். தின்னது எலும்புல சேர வெயிலும் வேணும். போர்த்தியிருக்கிற போர்வையை உள்ளேயே போட்டுட்டு வாங்க."

"என் தவம்?"

"அதுவும் உள்ளேயே கிடக்கட்டும். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

கோபம் வந்தது. பசி அதைவிடப் பெரிசாக இருந்தது. சுவரைப் பிடித்து எழுந்தார். தவழாத குறையாகப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

முதுகு சுட்டது. கண் கூசியது. களியைப் பிட்டு வாயில் போட்டார்.

முழுங்கிவிட்டுக் கேட்டார்.

"அப்போ நான் கீழே போயிடணுமா அம்மா?"

குரு கீரையை அவர் தட்டுப் பக்கம் தள்ளினார்.

"நீங்க வந்த நாள்லேர்ந்து ரெண்டு பேருக்குச் சமைக்கிறேன்," என்றார். "இந்தப் பாறையில நேத்து வரைக்கும் தனியாத்தான் சாப்பிட்டேன். நாளைக்கும் இங்கேயே வாங்க."